முதலில் வந்த கால்

மஜீது பாயின் வயிறு பாதியில் நின்றுபோனதை முதலில் அறிந்தது இன்னாசியின் கால்தான்.

இருபத்தைந்து வருஷமாக அடுத்தவன் முதுகில் ஏறி நிற்கிறவனுக்கு உள்ளங்கால்தான் காது. குப்புறப் படுத்திருப்பவனின் முதுகில் வலது குதிகாலை ஊன்றினால் சதைக்கு அந்தப் பக்கம் நடப்பதெல்லாம் வந்துவிடும். சுவருக்குப் பின்னால் உலை கொதிப்பதுபோல வயிறு புரளும், விடிகாலையில் தெருக்குழாய் இருமி இருமித் தண்ணீர் விடுவதுபோலக் குடல் இழுத்து இழுத்து ஓடும், வெளிக்கடலில் நங்கூரம் போட்ட கப்பலின் எஞ்சின்போல அடியாழத்தில் நெஞ்சு அடித்துக்கொண்டிருக்கும். அன்று ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்து, வெயில் ஏறிய சிமெண்டுத் தரையில் கோணி விரித்து, மஜீது சொன்ன இடத்தில் குதிகாலை வைத்து அழுத்தினான். மடக்கென்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு, அதுவரை புரண்டுகொண்டிருந்த வயிறு, கரண்டு போன காற்றாடி மாதிரி நாலு சுற்றுச் சுற்றி, தயங்கி, நின்றது.

இன்னாசி காலை எடுத்துவிட்டான்.

மஜீது எழுந்து உட்கார்ந்து வயிற்றைத் தடவினான். "மாமு, பத்து வருசத்து நெருப்பு. அணைஞ்சிடுச்சி."

"அணைஞ்சிதா, வேற எதுனா ஆச்சா?"

"உனக்கு நல்லது நடந்தாலே டவுட்டு. பொண்ணு பாக்கப் போன எடத்துலயே, பல்லு அசல்தானான்னு கேட்டவன்தானே நீ."

அடுப்படியிலிருந்த இன்னாசியின் மனைவி வியாகுலம்மாள் சிரித்தாள். சிரித்தவள் உடனே வலது விலாவைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாள்.

கால் முன்னே வந்து பிறந்தவனுக்கு முதுகுப் பிடிப்பை எடுக்கும் குணம் உண்டு என்று ராயபுரத்தில் மூட்டை தூக்குகிற அத்தனை பேருக்கும் தெரியும். அதிலும் எந்தக் கால் முதலில் வெளியே வந்ததோ அந்தக் காலுக்குத்தான் அது. இன்னாசிக்கு வலது கால். துறைமுக ரயில் யார்டில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன் வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த மிதி. இடுப்பில் மூன்று மிதி, அவ்வளவுதான். இடுப்புக்கு மேலே போகக்கூடாது என்று யாரும் அவனிடம் சொன்னதில்லை. போகத் தோன்றியதும் இல்லை.

போகவைத்தது அந்தப் படம். மஜீது வண்ணாரப்பேட்டையில் பழைய பேப்பர் கிடங்கு வைத்திருந்தான். கப்பல்களில் கழித்துப் போடுகிற காகிதமெல்லாம் அவனிடம்தான் வரும். எழுபத்திரண்டாம் வருஷம் மே மாதம் ஏதோ அமெரிக்கக் கப்பலிலிருந்து வந்த கட்டைப் பிரித்தபோது காலண்டர் அளவுக்கு ஒரு படம் இருந்தது. முதுகைத் திறந்துபோட்ட ஒரு மனிதன். கழுத்திலிருந்து இடுப்புவரை எலும்புக் கணுக்கள். ஒவ்வொரு கணுவிலிருந்தும் ஒரு சிவப்புக் கோடு கிளம்பி ஒவ்வொரு உறுப்புக்குப் போனது. நெஞ்சுக்கு ஒன்று, நுரையீரலுக்கு ஒன்று, வயிற்றுக்கு, ஈரலுக்கு, பித்தப்பைக்கு. மஜீது எழுத்துக்கூட்டி இங்கிலீஷ் படிப்பான். கணு விலகினால் கோடு நசுங்குமாம், கோடு நசுங்கினால் உறுப்பு கெடுமாம், கணுவைத் தட்டி உட்காரவைத்தால் உறுப்பு தானாகச் சரியாகுமாம். அமெரிக்காவில் இதற்கென்றே டாக்டர்கள் இருக்கிறார்களாம்.

"அவனுங்க கையால பண்றானுங்க. நம்மகிட்ட கால் கீது மாமு" என்றான்.

படத்திலிருந்தவன் முகம் அந்தப் பக்கம் திரும்பியிருந்தது. முகம் காட்டாதவனை நம்பி எவன் இறங்குவான் என்று இன்னாசி நினைத்தான். ஆனால் வியாகுலம்மாள் அந்தப் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மூன்று மாதமாக அவளுக்கு விலாவுக்கடியில் வலி. பித்தப்பையில் கல், வயிற்றைத் திறந்து எடுக்கவேண்டும் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லி, ஜூன் மாதக் கடைசிச் செவ்வாய்க்கு நாள் கொடுத்திருந்தார்கள். அவள் அக்கா ஐரீன் அப்படித் திறக்கப் போனவள்தான். வெள்ளைத் துணியில் சுற்றித்தான் வீட்டுக்குக் கொடுத்தார்கள். பிள்ளை இல்லாத வீடு. இவளும் போனால் இன்னாசிக்கு ஏன் என்று கேட்க ஆள் கிடையாது. அதனால் படத்தை வேண்டாம் என்று சொல்லவும் அவனுக்கு வாய் வரவில்லை. முதலில் மஜீது மேல் பார்ப்போம் என்று வைத்துக்கொண்டான். பார்த்தாயிற்று.

அடுத்த ஞாயிறு மஜீது ராமசுப்புவைக் கூட்டிவந்தான். நிலக்கரிக் கப்பலில் கூடை சுமக்கிறவன். அவன் மூச்சு விட்டால் நாலு வீட்டுக்கு விசில் கேட்கும். மஜீது கழுத்திலிருந்து கட்டைவிரலால் எண்ணிக்கொண்டு இறங்கி, ஒரு கணுவின் மேல் சுண்ணாம்புப் புள்ளி வைத்தான். இன்னாசி குதிகாலை வைத்தான். காலடியில், கிழிந்த துருத்திபோல இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டிருந்தது. மடக். விசில் நின்றது.

ராமசுப்பு மல்லாந்து படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். பிறகு வாயைத் திறந்து ஒரு வாய்க் காற்றை இழுத்தான். இழுத்ததை வைத்துப் பேசினான்.

"சொகமா கீது நைனா."

பேசி முடித்ததும் வாயை மூடிக்கொண்டான். மார்பு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. வெயிலைப் பார்த்துவிட்டு நிழலுக்கு வந்த கண்ணுக்குச் சரியாகத் தெரிந்திருக்காது என்று இன்னாசி தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

புதன்கிழமை மத்தியானம் அவன் வேலை முடிந்து வந்தபோது மஜீதின் மனைவி ரஹீமுன்னிசா வாசலில் நின்றிருந்தாள். உள்ளே வரச் சொன்னதற்கு வரவில்லை.

"அண்ணே, எங்கூட்டுக்காரர இன்னா பண்ணீங்க?"

"இன்னா ஆச்சிம்மா?"

"பசிக்கலன்றாரு. அதெப்பிடி துன்னாம இருக்கறதுன்னு நான்தான் வற்புறுத்திப் போடறேன். போட்டா துன்றாரு. சாயங்காலம் கெணத்தடில ஒக்காந்துகினு, வாயில கைய வுட்டு, காலைல துன்னதை எடுக்கறாரு." அவள் முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டு பேசினாள். "வாந்தி இல்லண்ணே. வாந்தின்னா நாறுமே. சோறு சோறாவே கீது. ஒரு பருக்கை ஒடையல. அப்பால சொம்பு தண்ணிய ஊத்தி, குலுக்கிக் கவுக்கறாரு, பானை கழுவற மாதிரி. கழுவிட்டு, இன்னிக்கி க்ளீன்னு சிரிக்கறாரு."

"வலிக்குதுன்றானா?"

"வலியா? இத்தினி வருசத்துல இவ்ளோ குஷியா நான் பாத்ததே இல்ல. அதான் பேஜாரா கீது."

அவள் போன பிறகு இன்னாசி சாப்பிட உட்கார்ந்தான். வியாகுலம்மாள் வஞ்சிரம் குழம்பு ஊற்றினாள். ஒரு வாய் வைத்தான். அது தொண்டையில் இறங்கி, நெஞ்சுக்குப் பின்னால் போய், வயிற்றில் விழுவதை முதல்முறையாகக் கவனித்தான். கீழே ஒரு முணுமுணுப்பு எழுந்து அதை வாங்கிக்கொண்டது. அந்த முணுமுணுப்பு இல்லாவிட்டால்? பத்து வருஷம் எரிந்த வயிறு குணமாகவில்லை. நின்றுபோய்விட்டது. நின்றுபோனது எதுவும் வலிக்காது. தட்டை நகர்த்திவிட்டான்.

மறுநாள் யார்டில், பன்னிரண்டு மணி சங்கு ஊதி எல்லோரும் சாப்பாட்டுக்குக் கலைந்த நேரம், பாயிண்ட்டைத் திருப்பப் போனவன் ஒரு திறந்த வேகனைக் கடந்தான். உள்ளே நிலக்கரித் தூளின் மேல் ராமசுப்பு படுத்திருந்தான். வெயில் தகரத்தைச் சுட்டுத் தார் வாசனை கிளம்பியது, மணலிப் பக்கமிருந்து வந்த காற்றில் மூக்கை அரிக்கும் ஒரு நெடி, தூரத்தில் கிரேன் சங்கிலி தட்டும் சத்தம். எல்லாம் இருந்தது, அவன் மார்பில் மட்டும் அசைவில்லை. மூக்கின் கீழே படிந்திருந்த கரித்தூள் ஊதப்படாமல் படிந்தபடியே இருந்தது. உதட்டில் ஈ உட்கார்ந்திருந்தது. இன்னாசி தன் மூச்சை அடக்கிக்கொண்டு எண்ணினான். நூறு. நூற்றைம்பது. தன் நெஞ்சு வெடிக்கும்போலிருக்க விட்டுவிட்டான். ராமசுப்பு அடக்கிக்கொண்டே இருந்தான்.

கொடிக்கம்பால் தகரத்தைத் தட்டினான்.

ராமசுப்பு கண்ணைத் திறந்தான். வாய் திறந்தது. காற்று உள்ளே போகும் சத்தம், காலி டின்னுக்குள் மணல் விழுவதுபோல. "இன்னா நைனா, துன்னலியா?" என்றான். வாய் மூடியது. சிரித்தபடியே பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்றாவது ஞாயிறு வாசலில் இருபது பேர். சர்க்கரை வியாதிக்காரன், மூலக்காரன், படபடப்புக்காரன். ராமசுப்பு தூசுக்கிடங்கில் நாலு ஆள் வேலையை ஒற்றையாய்ச் செய்கிறான் என்று துறைமுகம் முழுக்கப் பேச்சு. இன்னாசி படத்தை மஜீதின் கையிலிருந்து பிடுங்கி எட்டாகக் கிழித்தான்.

"எல்லாம் எந்திரிச்சிப் போங்க. இனிமே மிதி கெடையாது."

மஜீது கோபப்படவில்லை. அவனுக்குக் கோபம் வருவதே நின்றுபோயிருந்தது. "படம் எதுக்கு மாமு. எனக்கு மனப்பாடம்" என்று சொல்லிவிட்டுக் கிழிந்ததைப் பொறுக்கிக்கொண்டு போனான். கிடங்குக்காரன் காகிதத்தை விடமாட்டான்.

அன்று மத்தியானம் வியாகுலம்மாளுக்கு வலி வந்தது. முன்பெல்லாம் வந்து போகும். இது போகவில்லை. தரையில் சுருண்டு, முந்தானையைக் கடித்துக்கொண்டு, நெற்றியைச் சுவரில் முட்டினாள். தெரு முனை கம்பவுண்டர் போட்ட ஊசி ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை.

"மிதிய்யா" என்றாள்.

"நாளன்னிக்கி ஆஸ்பத்திரி. ரெண்டு நாளு பொறு."

"நான் போமாட்டேன். ஐரீன் போன ரூமுக்கு நான் போமாட்டேன். நீ மிதி."

"மிதிச்சா இன்னா ஆவும்னு சொன்னேனே உனுக்கு. உள்ள செத்துடும்."

"சாவட்டும். அது மட்டும்தான சாவும். நான் இருப்பேன்ல." அவள் குப்புறப் படுத்துவிட்டாள். ரவிக்கையின் முதுகு வியர்வையில் ஒட்டியிருந்தது. "ஊரான் முதுகெல்லாம் ஏறுன. பொண்டாட்டி முதுகுன்னா கால் வரலியா?"

அவன் ஏறினான். வலது குதிகாலை மெல்ல வைத்தான், வெறுமனே, அவள் அழுகையை நிறுத்த. அடியில் எல்லாம் தெரிந்தது. முப்பது வருஷம் பக்கத்தில் படுத்தவளை அன்றுதான் உள்ளே பார்த்ததுபோல. கூடையில் போட்ட பெரிய மீன்போல ஈரல் வெதுவெதுப்பாகத் துடித்தது. அதன் ஓரத்தில் சுருட்டிய முஷ்டிபோல ஒரு சின்னப் பை, உள்ளே கூழாங்கல்லை வைத்துக்கொண்டு இறுகிக்கொண்டிருந்தது. அவளுக்கு அவ்வளவு நோகிறது. அவ்வளவும் உயிர். எங்கே அழுத்தினால் அடங்கும் என்று குதிகாலுக்குத் தெரிந்துவிட்டது. அவன் அழுத்தவில்லை. குதிகால் தானாக இறங்கப் பார்த்தது.

குதித்து இறங்கினான். சாயங்காலம்வரை தெருவிலேயே நின்றான். உள்ளே அவள் அலறுவது தெருவுக்கே கேட்டது. நாளைக்கும் அலறுவாள். நாளைக்கு மிதித்துவிடுவேன். அது அவனுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. தன்னையே நம்பாதவன் அவன்.

மறுநாள் திங்கள்கிழமை, வெளுத்த வெயில், பதினொன்றரை மணி. ஷண்டிங் எஞ்சின் எட்டு வேகன்களைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு வந்தது. இன்னாசி பச்சைக்கொடி காட்டினான். கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்தான். உட்கார்ந்தான். வலது காலை முழங்காலுக்குக் கீழே தண்டவாளத்தின் மேல் நீட்டினான். இரும்பு சுட்டது. கண்ணை மூடவில்லை. கடைசி வேகனின் சக்கரம் வெயிலில் பளபளத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் வந்தது.

ஆஸ்பத்திரியில் விழித்தபோது வியாகுலம்மாள் பக்கத்தில் இருந்தாள். அவளுக்குப் பின்னால் மஜீது. முழங்காலோடு முடிந்திருந்தது கால். வார்டு ஆள் பழைய துணியில் சுற்றிய ஒன்றைத் தூக்கிவந்து, குப்பையில் போடவா, வீட்டுக்குக் கொண்டுபோகிறீர்களா என்று கேட்டான்.

"குப்பையில போடாதீங்க" என்றான் இன்னாசி. நாக்கு குழறியது. கடைசித் தீர்ப்பு நாளில் கல்லறையிலிருந்து உடம்போடு எழுந்திருக்கும்போது நொண்டிக்கொண்டா போய் நிற்பது? ராயபுரத்துக் கிறிஸ்தவன் எவனும் வெட்டுப்பட்ட விரலைக்கூட மந்திரித்த மண்ணில்தான் புதைப்பான். "காசிமேட்டுக் கல்லறையில பொதைங்க. ஃபாதர தண்ணி தெளிக்கச் சொல்லு."

"நான் பாத்துக்கறேன் மாமு" என்று மஜீது மூட்டையை வாங்கிக்கொண்டான். குழந்தையை வாங்குவதுபோல இரண்டு கையாலும் வாங்கினான்.

வாழ்நாளில் எவனையும் நம்பாதவன் அன்று நம்பினான். மயக்க மருந்தின் வேலை.

நாலாம் நாள் இல்லாத கால் அரித்தது. டாக்டரிடம் சொன்னான். கால் போனவர்களுக்கெல்லாம் அப்படித்தான் இருக்கும், மூளைக்கு இன்னும் தெரியாது என்றார். விரல் இடுக்குகளில் நறநறவென்று ஏதோ இருந்தது. தோல் வறண்டு இழுத்துப் பிடித்தது. கல்லறை மண் என்று நினைத்துக்கொண்டான். காசிமேடு கடற்கரை ஓரம், மணலாகத்தான் இருக்கும். ஒரு வாரம் போனது. நறநறப்பு கூடியது. மணல் இப்படிச் சுடுமா? வெட்டுக்காயத்தில் பட்டதுபோல எரிந்தது.

"பொதைச்சிட்டீங்களா?"

"அப்பவே பொதைச்சாச்சி" என்றாள் வியாகுலம்மாள். இட்லியைப் பிட்டுக்கொண்டே சொன்னாள்.

அவனைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லி, விலாவைப் பிடித்துக்கொண்டே, அவள் தன் ஆபரேஷன் நாளைத் தள்ளிப்போட்டிருந்தாள். மூன்று வாரம் கழித்து அவனை ரிக்‌ஷாவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். வீட்டில் கருவாட்டு வாசனை. ராயபுரத்தில் எந்த வீட்டில்தான் இல்லை. உள்ளறைக் கட்டிலில் படுக்கவைத்துக் கதவைச் சாத்தினாள்.

அன்று பிற்பகல், தெரு அடங்கி, கடல்காற்று இன்னும் எழாத புழுக்கமான நேரம். அவன் அரைத்தூக்கத்தில் இருந்தான். கூடத்தில் தகர டின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது. அதே நொடியில் வலது பாதத்தில் காற்று பட்டது.

விழித்துக்கொண்டான்.

மூன்று வாரமாகக் கவ்விப் பிடித்திருந்த நறநறப்பு விலகியது. துணி ஒன்று விரல் இடுக்கில் புகுந்து துடைத்தது. ஒவ்வொரு விரலாக. பொறுமையாக. பிறகு எண்ணெய். குதிகாலில் வெதுவெதுப்பாக எண்ணெய்.

"வியாகுலம்."

"ஒண்ணுமில்லய்யா. தூங்கு."

குதிகாலுக்கு அடியில் தோல் வந்தது. ஈரமான தோல். அதற்கு அடியில் அந்த ஈரல். அந்தப் பை. கல்.

அவன் கட்டிலிலிருந்து விழுந்தான். முழங்காலில் கட்டியிருந்த துணியில் ரத்தம் கசிந்தது. கையை ஊன்றி இழுத்துக்கொண்டு போனான். வாசல்படி நாலு முழம். கூடத்தில் மஜீதின் குரல் எண்ணிக்கொண்டு இறங்கியது. ஏழு. எட்டு. ஒன்பது. மடக்.

கதவை நெற்றியால் முட்டித் திறந்தான்.

வியாகுலம்மாள் கோணியில் குப்புறப் படுத்திருந்தாள், வெற்று முதுகாக. மஜீது பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தான். அவன் இரண்டு கையிலும் இன்னாசியின் கால் இருந்தது, உப்பில் வற்றி, கறுத்து, கழிமுகத்துச் சுரபுன்னைக் கட்டைபோல. தரையெல்லாம் உப்புக்கல். அவள் முகம் இவன் பக்கம் திரும்பியிருந்தது. மாதக்கணக்கில் இல்லாத தெளிவு அந்த முகத்தில்.

"போய்ட்ச்சிய்யா" என்றாள். "எவ்ளோ லேசா கீது தெரியுமா. பாய், நெஞ்சு படபடன்னு அடிச்சிக்கிது, அதுவும் ஒரே தொல்லை. அதையும் எடுத்துடு."

"வேணாம்" என்றான் இன்னாசி. வெறும் காற்றுதான் வந்தது.

மஜீது குதிகாலை மேலே நகர்த்தினான். கழுத்தெலும்பிலிருந்து எண்ணினான். வைத்தான்.

அவள் நெஞ்சு இன்னாசியின் உள்ளங்காலில் அடித்தது. அடித்தது. கையில் பிடித்த குருவிபோல. காலைத் தூக்கு. அவன் இருந்த பலமெல்லாம் கூட்டி, இல்லாத காலைத் தூக்கினான். பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினான். மஜீதின் கைகளுக்குள், காய்ந்து சுருங்கிய அந்த ஐந்து விரல்களும் மெல்ல விரிந்தன.

மஜீது பிடியை இறுக்கிக்கொண்டான்.

"அசைக்காத மாமு. எடம் தப்பிடும்."